வெளிநாட்டுத் திவால் உத்தரவோடு சிங்கப்பூர் நீதிமன்றப் படியேறுவது எப்படி?

2019 ஏப்ரல் 10 அன்று, ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிப்போல் விமான நிலையத்திலிருந்து மும்பைக்குக் கிளம்ப வேண்டிய ஜெட் ஏர்வேஸின் போயிங் 777 கிளம்பவில்லை. சரக்கு கையாளும் நிறுவனம் ஒன்று தனக்கு வரவேண்டிய பாக்கிக்காக விமானத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. ஒரு வாரத்தில் ஜெட் ஏர்வேஸ் பறப்பதையே நிறுத்திவிட்டது. மே 21 அன்று நெதர்லாந்து நீதிமன்றம் அந்த நிறுவனத்தைத் திவாலானதாக அறிவித்து ஒரு நிர்வாகியை நியமித்தது. ஜூன் 20 அன்று மும்பையிலுள்ள தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயமும் அதே நிறுவனத்தின் மீது திவால் நடவடிக்கையைத் தொடங்கியது. கூடவே, நெதர்லாந்து உத்தரவு செல்லாது என்றும் சொல்லிவிட்டது.

ஒரே நிறுவனம், இரண்டு நாடு, இரண்டு நிர்வாகி. விமானம் ஒருவர் கையில், கணக்குப் புத்தகம் இன்னொருவர் கையில். இந்தியத் திவால் சட்டத்தின் 234, 235 பிரிவுகள் இதற்காகத்தான் எழுதப்பட்டவை. ஆனால் அவை வேலை செய்ய இந்தியா மற்ற நாட்டோடு ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும். நெதர்லாந்தோடு அப்படி ஒன்று இல்லை. கடைசியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் ஏற்பாட்டில் இரண்டு நிர்வாகிகளும் உட்கார்ந்து தங்களுக்குள் ஓர் ஒத்துழைப்பு உடன்படிக்கை எழுதிக்கொண்டார்கள். 2019 செப்டம்பர் 26 அன்று தீர்ப்பாயம் அதை ஏற்றது. நல்ல முடிவுதான். ஆனால் எல்லா வழக்கிலும் இரு தரப்பும் இப்படி இணக்கமாக உட்காரும் என்று நம்பிக் களத்தில் இறங்க முடியாது.

அந்த ஒத்துழைப்புக்குச் சட்டமே வழி போட்டு வைத்திருக்கும் ஊர் சிங்கப்பூர். ஒரு நாட்டில் நொடித்துப்போன நிறுவனத்தின் பணமோ சொத்தோ வழக்கோ சிங்கப்பூரில் இருந்தால், அந்த நாட்டு நிர்வாகி அங்கே போய் எப்படி உதவி கேட்பது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன். துறைக்குப் புதிதாக வந்த வழக்கறிஞர்கள், திவால் தீர்வு நிபுணர்கள், இப்படி ஒரு வழக்கில் பணம் மாட்டிக்கொண்ட வியாபாரிகள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். வழக்கை நடத்த சிங்கப்பூர் வழக்கறிஞர் கட்டாயம் வேண்டும். அவருடைய முதல் கேள்விக்கே முழிக்காமல் இருக்க இது உதவும்.

முதலில், எந்தச் சட்டம்?

ஐ.நா.வின் வர்த்தகச் சட்ட ஆணையம், அன்சிட்ரால், 1997இல் எல்லை தாண்டிய திவால் வழக்குகளுக்காக ஒரு மாதிரிச் சட்டம் எழுதியது. இது உடன்படிக்கை அல்ல, அச்சு. ஒவ்வொரு நாடும் அதை எடுத்துத் தன் ஊருக்கேற்ப வார்த்துக்கொள்ளலாம். ஜப்பான் 2000இலும் அமெரிக்கா 2005இலும் பிரிட்டன் 2006இலும் வார்த்துக்கொண்டன. அமெரிக்கத் திவால் சட்டத்தில் 'சாப்டர் 15' என்று பேசப்படுவது இதுதான். சிங்கப்பூர் 2017இல் எடுத்துக்கொண்டது. இப்போது அது 2018ஆம் ஆண்டின் நொடிப்பு, மறுசீரமைப்பு, கலைப்புச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் இருக்கிறது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலை 30.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தியாவிலிருந்து வருபவர்கள் முதலில் பயப்படுவது இதற்குத்தான். "எங்கள் நாடு மாதிரிச் சட்டத்தை ஏற்கவில்லையே, சிங்கப்பூர் ஏன் எங்களுக்கு உதவ வேண்டும்?" சிங்கப்பூர்ச் சட்டத்தில் 'நீ செய்தால் நான் செய்வேன்' என்ற நிபந்தனை கிடையாது. 2025இல் மும்பையைச் சேர்ந்த கம்ப்யூவேஜ் இன்ஃபோகாம் என்ற கணினிப் பொருள் விநியோக நிறுவனத்தின் மீதான இந்தியத் திவால் நடவடிக்கையை சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் அங்கீகரித்தது. இந்தியா அப்போது மாதிரிச் சட்டத்தை ஏற்றிருக்கவில்லை. அது தடையாக இருக்கவில்லை.

படி 1: உங்கள் வழக்கு இந்தக் கதவில் நுழையுமா?

நான்கைந்து கேள்விகளில் இது முடிந்துவிடும். திவாலானது நிறுவனமா? தனிமனிதர் என்றால் இந்தச் சட்டம் பொருந்தாது. வங்கி, காப்பீடு போன்ற சில வகை நிறுவனங்களும் விலக்கப்பட்டிருக்கின்றன. நடவடிக்கை எல்லாக் கடன்காரர்களுக்கும், அதாவது கடன் கொடுத்தவர்களுக்கும், பொதுவானதா? தன் கடனை மட்டும் வசூலிக்க ஒரு வங்கி தனக்காக ஒரு ரிசீவரை (சொத்தைப் பொறுப்பேற்று வசூலிப்பவரை) போட்டிருந்தால் அது பொது நடவடிக்கை ஆகாது. சொத்தும் விவகாரங்களும் ஒரு நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டிலோ மேற்பார்வையிலோ இருக்கின்றனவா? நோக்கம் மறுசீரமைப்பா, கலைப்பா?

'நீதிமன்றம்' என்ற சொல்லைப் பார்த்து மிரள வேண்டாம். பெயர் தீர்ப்பாயம் என்றிருந்தாலும், திவால் நடவடிக்கையைக் கட்டுப்படுத்தவோ மேற்பார்க்கவோ அதிகாரமுள்ள அமைப்பு என்றால் போதும்.

நிறுவனம் உண்மையில் திவாலாகி இருக்க வேண்டுமா? இங்கேதான் ஒரு சுவாரசியமான திருப்பம். கேமன் தீவுகளில் பதிவான அசென்ட்ரா ஹோல்டிங்ஸ் என்ற நிறுவனம், கடனைக் கட்டும் வசதி இருக்கும்போதே கலைக்கப்பட்டது. கலைப்பாளர்கள் சிங்கப்பூரில் அங்கீகாரம் கேட்டார்கள். நொடிக்காத நிறுவனத்துக்கு நொடிப்புச் சட்டம் எதற்கு என்று உயர் நீதிமன்றம் மறுத்தது. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி அங்கீகாரம் கொடுத்தது. பார்க்க வேண்டியது எந்தச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை நடக்கிறது என்பதை. நிறுவனத்தின் கல்லாவில் எவ்வளவு இருக்கிறது என்பதை அல்ல.

படி 2: மனு போடுபவர் யார்?

பொதுவாக நிறுவனமோ கடன்காரரோ அல்ல. சொந்த நாட்டு நடவடிக்கையில் அதிகாரம் பெற்ற நிர்வாகிதான் மனுதாரர். சட்டம் அவரை 'வெளிநாட்டுப் பிரதிநிதி' என்கிறது. கலைப்பாளர், அறங்காவலர், இந்தியா என்றால் தீர்வு நிபுணர். உங்கள் நியமன உத்தரவில் பெயர் மாறியிருக்கிறதா, இடைக்கால நிபுணருக்குப் பதில் வேறொருவர் வந்துவிட்டாரா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மனு தாக்கலான பிறகு ஆள் மாறினால் அதுவும் நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய செய்திதான்.

இன்னொரு ஆறுதல்: அங்கீகாரம் கேட்டு வருவதாலேயே நீங்கள் மற்ற எல்லா விஷயத்துக்கும் சிங்கப்பூர் நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குள் மாட்டிக்கொள்வதில்லை. மாதிரிச் சட்டம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது.

படி 3: காகிதங்கள்

நடவடிக்கையைத் தொடங்கிய உத்தரவு, நிர்வாகியை நியமித்த உத்தரவு, இரண்டின் சான்றிட்ட நகல்கள். நகல் கிடைக்காவிட்டால் சொந்த நாட்டு நீதிமன்றத்தின் சான்றிதழ். அதுவும் இல்லையென்றால் நீதிமன்றம் ஏற்கக்கூடிய வேறு ஆதாரம். ஆங்கிலத்தில் இல்லாதவற்றுக்கு மொழிபெயர்ப்பு. ஜகார்த்தாவிலிருந்தோ டோக்கியோவிலிருந்தோ வருபவர்களுக்கு இதற்கே வாரக்கணக்கில் ஆகிவிடும். இந்திய உத்தரவுகள் ஆங்கிலத்திலேயே இருப்பது நமக்கு ஒரு வசதி.

இவற்றோடு பலரும் லேசாக எடுத்துக்கொள்ளும் ஓர் அறிக்கையும் வேண்டும். அந்த நிறுவனத்தின் மீது உலகத்தில் எங்கெங்கே திவால் நடவடிக்கைகள் உங்களுக்குத் தெரிந்து நடக்கின்றனவோ அத்தனையையும் அதில் எழுத வேண்டும். சிங்கப்பூரிலேயே நடப்பவையும் இதில் சேரும். உங்களுக்குப் பிடிக்காத நடவடிக்கை, உங்கள் பார்வையில் செல்லாத நடவடிக்கை என்று எதையும் விட்டுவிடாதீர்கள். ஜெட் ஏர்வேஸ் போன்ற ஒரு வழக்கில் நெதர்லாந்து உத்தரவைச் சொல்லாமல் வேறொரு நாட்டில் போய் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எதிர்த்தரப்பு அதை எடுத்துக் காட்டும் நாளில் உங்கள் மற்ற காகிதங்களையும் நீதிபதி சந்தேகத்தோடுதான் புரட்டுவார்.

மனு உயர் நீதிமன்றத்தின் பொதுப் பிரிவுக்குப் போகும். சிங்கப்பூர் அனைத்துலக வணிக நீதிமன்றமும் இத்தகைய வழக்குகளைக் கேட்கிறது. இந்தோனேசியாவின் கருடா விமான நிறுவனம் தன் நாட்டுக் கடன் மறுசீரமைப்பு நடவடிக்கைக்கு 2024இல் அங்கீகாரம் பெற்றது அங்கேதான். விமானத்தைக் குத்தகைக்கு விட்ட ஒரு தரப்பு எதிர்த்து வாதாடியும் அங்கீகாரம் கிடைத்தது. (இந்தத் துறையில் விமான நிறுவனங்கள் அடிக்கடி வருவது தற்செயல் அல்ல. சொத்தே பறந்து போகக்கூடியது.)

படி 4: நிறுவனத்தின் இதயம் எங்கே இருக்கிறது?

மனுவில் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. ஆங்கிலத்தில் நீட்டி முழக்கிச் சொல்லும் 'முதன்மை நலன்களின் மையம்' என்பதை வழக்கறிஞர்கள் சுருக்கி 'கோமி' என்பார்கள். உங்கள் திவால் நடவடிக்கை கோமி இருக்கும் நாட்டில் நடந்தால் அது 'முதன்மை நடவடிக்கை'. நிறுவனத்துக்கு நிலையான தொழில் இருப்பு மட்டும் உள்ள நாட்டில் நடந்தால் அது 'முதன்மையல்லாத நடவடிக்கை'. முதல் வகைக்குச் சில பாதுகாப்புகள் தானாகவே வரும். இரண்டாம் வகைக்கு ஒவ்வொன்றையும் கேட்டு வாங்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் இந்த வழியில் அங்கீகாரமே கிடையாது.

நிறுவனம் எங்கே பதிவாகியிருக்கிறதோ அங்கேதான் கோமி என்று சட்டம் முதலில் அனுமானிக்கும். ஆனால் அந்த அனுமானத்தை உடைக்கலாம். இரண்டு வழக்குகளைப் பார்த்தால் புரியும்.

முதலாவது, மாதிரிச் சட்டம் வருவதற்கு முன்பு, 2016இல் வந்த ஆப்டி-மெடிக்ஸ் வழக்கு. பிரிட்டிஷ் வெர்ஜின் தீவுகளில் பதிவான இரண்டு நிறுவனங்கள். தொழில் முழுவதும் ஜப்பானில். டோக்கியோ நீதிமன்றம் அறங்காவலரை நியமித்தது. சிங்கப்பூரில் இருந்தது வங்கிக் கணக்கில் பணம். பதிவான தீவை விட்டு, தொழில் நடந்த ஜப்பானைப் பார்த்து, சிங்கப்பூர் நீதிபதி அறங்காவலரை அங்கீகரித்தார். சட்டம் வரும் முன்பே பொதுச் சட்ட மரபை, அதாவது தீர்ப்புகள் வழியாக வளர்ந்த சட்டத்தை, கொண்டு இவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள்.

இரண்டாவது, ஸெட்டா ஜெட். தனியார் சொகுசு விமானங்களை ஓட்டிய, சிங்கப்பூரிலேயே பதிவான நிறுவனம். 2017 செப்டம்பரில் அமெரிக்காவில் போய்த் திவால் மனு கொடுத்தது. அமெரிக்க அறங்காவலர் சிங்கப்பூருக்கு வந்து, 'இது அமெரிக்க இதயமுள்ள நிறுவனம்' என்றார். சிங்கப்பூர் நீதிமன்றத்திடமே வந்து, சிங்கப்பூரில் பதிவான நிறுவனத்தைப் பற்றி அப்படிச் சொல்வதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்! 2019இல் நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. முக்கிய முடிவுகளை எடுத்தவர்கள் அமெரிக்காவிலிருந்து இயங்கியதும், வெளியிலிருந்து பார்க்கும் கடன்காரருக்கும் அது தெரியும்படி இருந்ததும் தராசைச் சாய்த்தன.

அந்தத் தீர்ப்பிலிருந்து கைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கோமி எந்த நாளில் எங்கே இருந்தது என்று பார்ப்பார்கள்? சிங்கப்பூரில் அங்கீகார மனு தாக்கலான நாளில். நிறுவனம் கொடிகட்டிப் பறந்த காலத்து விளம்பர மலர்களை மட்டும் இணைத்தால் போதாது. இயக்குநர்கள் எங்கே கூடினார்கள், வங்கிக் கணக்கு யார் கையெழுத்தில் நகர்ந்தது, ஊழியர்கள் எங்கே, கடன்காரர்கள் யாரோடு பேசினார்கள் என்பதை மின்னஞ்சல், கூட்டக் குறிப்பு, ஒப்பந்தம் என்று வெளியில் தெரியக்கூடிய சாட்சியங்களோடு பிரமாணப் பத்திரத்தில் வையுங்கள். இயக்குநரின் மனதுக்குள் மட்டும் இருந்த மையத்துக்கு மதிப்பு குறைவு.

படி 5: அவசரமென்றால்

வங்கிக் கணக்கிலிருந்து நாளைக்கே பணம் வெளியேறிவிடும் என்ற நிலையில் அங்கீகாரம் வரும்வரை காத்திருக்க முடியாது. மனு தாக்கல் செய்த உடனேயே இடைக்கால நிவாரணம் கேட்கலாம். ஜப்தியை நிறுத்தலாம், அழியக்கூடிய சொத்தை ஒருவர் பொறுப்பில் ஒப்படைக்கலாம். ஆனால் எதற்காக அவசரம் என்று ஆதாரத்தோடு சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பு இல்லாமல் கேட்கிறீர்கள் என்றால், அவர்கள் இருந்தால் என்ன சொல்வார்களோ அதையும் நீங்களே சொல்லியாக வேண்டும்.

படி 6: எங்கே கால் தடுக்கும்?

ஸெட்டா ஜெட் கதையின் முன்பாதியை இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மனு போட்ட சில நாட்களிலேயே பங்குதாரர் தரப்பு சிங்கப்பூர் நீதிமன்றத்துக்கு ஓடி, அந்தத் திவால் நடவடிக்கையை மேற்கொண்டு நடத்தக் கூடாது என்று தடை வாங்கியது. தடையைத் தாண்டி அமெரிக்க நடவடிக்கை போய்க்கொண்டே இருந்தது. டிசம்பரில் மறுசீரமைப்பு கலைப்பாக மாறி, அறங்காவலர் வந்தார். அவர் சிங்கப்பூரில் அங்கீகாரம் கேட்டபோது நீதிபதி கேட்டது சுருக்கமாக இதுதான்: எங்கள் தடையை மீறி நடந்த ஒன்றை நாங்களே எப்படி அங்கீகரிப்பது?

மாதிரிச் சட்டத்தில், நாட்டின் பொதுக் கொள்கைக்கு 'அப்பட்டமாக' முரணாக இருந்தால்தான் மறுக்கலாம் என்று இருக்கிறது. சிங்கப்பூர் அந்தச் சட்டத்தை எடுத்துக்கொண்டபோது அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டது. நீதிபதி இதைக் கவனித்தார். மறுப்பதற்கான வாசல் இங்கே மற்ற நாடுகளைவிடக் கொஞ்சம் அகலம் என்று எடுத்துக்கொண்டார். 2018இல் அறங்காவலருக்குக் கிடைத்தது அரை அங்கீகாரம்: அந்தத் தடையை நீக்கக் கோரவோ மேல்முறையீடு செய்யவோ மட்டும். தடை விலகிய பிறகுதான் 2019இல் முழு அங்கீகாரம் வந்தது.

புதிதாக வருபவருக்கு இதில் உள்ள வேலை எளிது. மனு எழுதும் முன், உங்கள் நிறுவனத்தின் பெயரில் சிங்கப்பூரில் ஏதாவது தடை, உத்தரவு, நிலுவை வழக்கு இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். இருந்தால் முதலில் அதைத் தீருங்கள்.

படி 7: அங்கீகாரம் கிடைத்துவிட்டது, அப்புறம்?

முதன்மை நடவடிக்கை என்று அங்கீகாரம் வந்தால் மூன்று விஷயங்கள் தானாக நடக்கும். நிறுவனத்தின் மீதான வழக்குகள் நிற்கும். சொத்தின் மீதான ஜப்தி நிற்கும். சொத்தைக் கைமாற்றும் உரிமை முடங்கும்.

ஆனால் இங்கே பலர் ஏமாறுவார்கள். அடமானம் வாங்கிக்கொண்டு கடன் கொடுத்த வங்கி தன் அடமானத்தின் மீது நடவடிக்கை எடுப்பதை இந்தத் தானியங்கித் தடை நிறுத்தாது. சிங்கப்பூர்க் கலைப்புச் சட்டத்தில் அடமானக் கடன்காரருக்கு உள்ள இடம் இங்கும் அப்படியே. இந்தியத் திவால் சட்டத்தின் முழுமையான தடைக்காலத்தைப் பார்த்துப் பழகியவர்கள், அங்கீகாரம் கிடைத்ததும் எல்லாம் உறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். உறையவில்லை.

மற்ற எதுவும் தானாக வராது. சாட்சிகளை விசாரிக்க, ஆவணங்களைப் பெற, சொத்தை நிர்வகிக்க, விற்க, ஒவ்வொன்றையும் மனுவில் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். 'வேறு தகுந்த நிவாரணம்' என்று பொத்தாம்பொதுவாக ஒரு வரியில் முடித்தால், வங்கி மேலாளர் அந்த உத்தரவை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதில் எங்கள் கிளை ஆவணங்களைத் தரச் சொல்லி எங்கே இருக்கிறது?" என்பார். அவர் கேட்பது நியாயம்தான்.

படி 8: பணத்தை வெளியே கொண்டுபோவது

கடைசிக் கதவு இது, மிகவும் கனமானதும்கூட. உள்ளூர்ச் சொத்தைச் சொந்த நாட்டுக்கு அனுப்பிப் பங்கிட அனுமதி கேட்கலாம். ஆனால் சிங்கப்பூர்க் கடன்காரர்களின் நலன் போதிய அளவு பாதுகாக்கப்பட்டிருக்கிறது என்று நீதிமன்றம் திருப்தி அடைய வேண்டும். கம்ப்யூவேஜ் வழக்கிலும் அங்கீகாரம் கிடைத்தது, சிங்கப்பூர்ச் சொத்தைக் கையாளவும் வழி கிடைத்தது. நாட்டை விட்டு எடுத்துச் செல்வதை மட்டும் நீதிமன்றம் மேற்கொண்டு அனுமதி பெற வேண்டிய விஷயமாகவே வைத்துக்கொண்டது.

இந்தத் தயக்கம் சிங்கப்பூருக்கு மட்டும் உரியது அல்ல. ஆஸ்திரேலியாவின் எச்ஐஎச் காப்பீட்டு நிறுவனம் 2001இல் சரிந்தபோது அதன் சொத்தில் ஒரு பகுதி இங்கிலாந்தில் இருந்தது. ஆஸ்திரேலிய நீதிமன்றம் இங்கிலாந்து நீதிமன்றத்துக்கு உதவி கேட்டுக் கடிதம் அனுப்பியது. ஆஸ்திரேலியச் சட்டத்தில் பங்கீட்டு வரிசை வேறு. அங்கே அனுப்பினால் சில கடன்காரர்களுக்குக் குறைவாகக் கிடைக்கும். கீழ் நீதிமன்றங்கள் மறுத்தன. 2008இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபைதான் அனுப்பச் சொன்னது. அதிலும் ஒவ்வொரு நீதிபதியின் காரணமும் ஒன்றாக இருக்கவில்லை.

ஆகவே உங்கள் நாட்டின் பங்கீட்டு வரிசையை ஒரு பக்கத்தில் எளிமையாக எழுதி, உங்கள் நாட்டுச் சட்ட நிபுணரின் அறிக்கையோடு இணையுங்கள். சிங்கப்பூர்க் கடன்காரர் உங்கள் ஊரில் கோரிக்கை தாக்கல் செய்யலாமா? கடைசி நாள் எப்போது? அவருக்கும் உள்ளூர்க்காரருக்கும் ஒரே தட்டா? இந்த மூன்றுக்கும் நேரடிப் பதில் அதில் இருக்கட்டும். உள்ளூர்க் கடன்காரர்களே இல்லை என்றால் அதைத் தேடிப் பார்த்த விவரத்தோடு சொல்லுங்கள். 'எங்களுக்குத் தெரிந்து யாரும் இல்லை' என்று எழுதினால், எங்கே தேடினீர்கள் என்பதுதான் அடுத்த கேள்வி.

இரண்டு நீதிமன்றங்கள் பேசிக்கொள்ளலாமா?

பேசலாம். நேரடியாகவே பேசலாம் என்று மாதிரிச் சட்டம் சொல்கிறது. எப்படிப் பேசுவது, வழக்கறிஞர்கள் உடனிருக்க வேண்டுமா, கூட்டு விசாரணையை எப்படி நடத்துவது என்பதற்கெல்லாம் 2016 அக்டோபரில் பல நாட்டுத் திவால் நீதிபதிகள் சிங்கப்பூரில் கூடி வழிகாட்டு நெறிகளை வகுத்தார்கள். சிங்கப்பூரும் அமெரிக்காவின் டெலவேரும் 2017 பிப்ரவரி 1 முதல் அவற்றைப் பின்பற்றத் தொடங்கின.

நடைமுறையில் நீங்கள் செய்ய வேண்டியது, ஜெட் ஏர்வேஸ் நிர்வாகிகள் செய்ததைப் போல ஓர் உடன்படிக்கையின் வரைவைத் தயாரிப்பது. யார் எந்தச் சொத்தைப் பார்ப்பது, தகவலை எப்படிப் பரிமாறுவது, செலவு யார் தலையில், ஒருவர் கூட்டத்தில் மற்றவர் எந்தத் தகுதியில் உட்காருவது. ஜெட் வழக்கில் நெதர்லாந்து நிர்வாகி இந்தியக் கடன்காரர் குழுவின் கூட்டங்களில் பார்வையாளராக அமரலாம், வாக்கு இல்லை என்று முடிவானது. இப்படிச் சின்னதாகத் தெரியும் இடங்களில்தான் பின்னால் சண்டை வரும். அதனால் வரைவிலேயே எழுதிவிடுங்கள்.

கோப்பை மூடும் முன்

அங்கீகாரம் கிடைத்த பிறகும் ஒரு கடமை தொடரும். மனு தாக்கலான நாளிலிருந்து, சொந்த நாட்டு நடவடிக்கையின் நிலையிலோ உங்கள் நியமனத்திலோ முக்கியமான மாற்றம் வந்தால் சிங்கப்பூர் நீதிமன்றத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். வேறொரு நாட்டில் புதிதாக ஒரு நடவடிக்கை தொடங்கியதாகத் தெரியவந்தாலும் அப்படியே. மறுசீரமைப்பு தோற்றுக் கலைப்பாக மாறுவது அரிதல்ல. ஜெட் ஏர்வேஸே 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற உத்தரவால் கலைப்புக்குப் போனது. அந்த மாதிரி நாளில் சொந்த ஊரில் ஆயிரம் வேலை இருக்கும், சிங்கப்பூர் நினைவுக்கே வராது. அந்தத் தகவலை அங்கே தாக்கல் செய்வது யார் பொறுப்பு என்பதை, மனுவில் கையெழுத்துப் போடும் அன்றே பெயர் குறித்து வைத்துவிடுங்கள்.